வலப்புறம் திரும்பும் முன்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் குழந்தைகள் டேகேருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய சந்திப்பு உண்டு. சிவப்பு விழுந்தாலும் அங்கே வலப்பக்கம் திரும்பலாம். ஆனால் முதலில் வண்டியை முழுக்க நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் உருண்டு போகிறவர்களைப் படம் பிடிக்க ஒரு கம்பத்தில் கேமரா இருந்தது. எங்கள் குடியிருப்பில் அதைத் திட்டாதவள் நான் ஒருத்திதான்.

பல வருடம் கணவரின் விசாவைச் சார்ந்து வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் லைசென்ஸ் வாங்கியவள் நான். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருக்கும்படி நிறுத்துவேன். இடம், வலம், மறுபடி இடம், கடைசியாக நடைபாதை என்று பார்ப்பேன். கேமரா இருந்தவரை பின்னால் வந்தவர்களும் பொறுமையாக நின்றார்கள்.

பிறகு மாநிலத்தில் அந்தக் கேமராக்களே கூடாது என்று ஆகிவிட்டது. படத்தோடு வீட்டுக்கு அபராதம் வந்து நொந்துபோயிருந்த என் கணவர் அன்று பாயசம் வைக்கச் சொன்னார். வைத்தேன். மஞ்சள் விளக்கு சட்டென்று மாறிவிடுகிறது என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தடை கேமராவுக்குத்தான், நிற்பதற்கு இல்லை.

கேமராவைக் கழற்றிய வாரமே, கோட்டருகே நின்றிருந்த எனக்குப் பின்னால் ஹார்ன் கேட்டது. ஈரோட்டில் வளர்ந்த காதுக்கு ஹார்ன் என்றால் வழி கேட்பது, அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, ஊரில் லாரிக்காரர்கள் செய்வதுபோல, முந்திப் போகும்படி வீசிக் காட்டினேன். அவர் போகட்டும் என்று நின்றும் கொண்டேன். என்னைச் சுற்றிக்கொண்டு திரும்பியவர், போகிற போக்கில் தானும் கையைத் தூக்கினார். நன்றி சொல்கிறார் என்று நான் சிரித்துத் தலையசைத்தேன்.

சாப்பிடும்போது இதைச் சொன்னேன்.

“தேங்க்ஸா? எத்தனை விரல் காட்டினான்?” என்றார் கணவர்.

“ஒண்ணுன்னு நினைக்கறேங்க. நடுவிரல்.”

அவருக்குப் புரையேறிவிட்டது. “ஓ மை காட், அம்மா!” என்று மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. “இங்க எவன் எப்படி இருப்பான்னு சொல்ல முடியாது. இனிமே நீ தனியா போக வேணாம். நானே ட்ராப் பண்றேன்.”

“உங்க ஆபீஸ் பார்சிப்பனி. என் டேகேர் மான்மவுத் ஜங்ஷன். நீங்க வடக்க, நான் தெக்க.”

“மேனேஜர்கிட்ட பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்.”

அக்கறையில் சொன்னார். ஆனால் அதற்குச் சம்மதித்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒருவருக்காகக் காத்திருந்த அந்தப் பழைய வருடங்களுக்கே நான் திரும்பிப் போக வேண்டும்.

“சனிக்கிழமை பக்கத்துல உக்காந்து வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன்.

வந்தார். அதே சந்திப்பு, சிவப்பு. நின்றேன். இடப்பக்கம் ஒரு பெரிய டிரக் பாதையை மறைத்து நின்றது. பின்னால் ஹார்ன். இந்த முறை கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

“போ, போ. அடிக்கறான் பாரு.”

“அடிக்கட்டும்.”

டிரக் நகர்ந்தது. பார்க்க வேண்டிய பக்கமெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

“பாத்தியா? ஒருத்தரும் வரல” என்றார்.

“நின்னதாலதான ஒருத்தரும் வரலைன்னு தெரிஞ்சுது.”

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். “பின்னாடி இருக்கறவனுக்கு அது தெரியாதே.”

“தெரிய வேணாங்க. அவன் எனக்குப் பின்னாடிதான இருக்கான்.”

ட்ராப் பண்ணுகிற பேச்சு அதன்பின் வரவில்லை. திங்கட்கிழமை அவர் பார்சிப்பனிக்குக் கிளம்பினார்; நான் என் வண்டியை எடுத்தேன். சந்திப்பில் சிவப்பு. பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார், மறுபடியும் அடித்தார். நான் இன்னும் நடைபாதையைப் பார்த்து முடித்திருக்கவில்லை.