ஆறுச்சாமி வண்டியில் ஃபில்டரை முறுக்கியது யார்

ஆறுச்சாமியின் வண்டியைக் கெடுத்தது பாலக்காட்டு ஷோரூமின் சர்வீஸ் சூப்பர்வைசர். நான் இல்லை. பெயரை எழுதவில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே வண்டி வைத்திருப்பவர்களுக்கு யாரென்று தெரியும்.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் ஜங்ஷனில் பல வருடமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புதிதாகக் கடை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடுவில் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடமா, வலமா

ஆறுச்சாமி தென்னந்தோப்புக்காரர். இரட்டை சிலிண்டர் பெரிய வண்டி வாங்கி, சர்வீஸ் எல்லாம் ஷோரூமில்தான் செய்துவந்தார். அன்று ஆயிலும் ஃபில்டரும் மாற்ற என்னிடம் வந்தார். மறுநாள் கூட்டாளிகளோடு மூணாறு போக வேண்டும், ஷோரூமில் இடம் கிடைக்கவில்லை. வாரண்டி இருக்கிறதே என்று கேட்டேன். ஆயில்தானே பாய் என்றார். அன்று மாட்டுச் சந்தை. கடை முன்னால் வேடிக்கை பார்க்க ஆட்களுக்குக் குறைவில்லை.

அந்த வண்டியில் ஃபில்டர் ஒரு தகர டப்பா. எஞ்சினின் முன்பக்கம், சைலன்சர் பைப்புகளுக்குப் பின்னால் இருக்கும். எஞ்சினிலிருந்து ஒரு ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், டப்பா அதன் மரையில் சுற்றி ஏறும். ரப்பர் கேஸ்கெட் எஞ்சினைத் தொட்டதும் கையாலேயே இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டும். அவ்வளவுதான். கழற்றும்போதும் அனேகமாகக் கையோடு வந்துவிடும். முரண்டு பிடித்தால், டப்பாவின் தலையில் மூடி மாதிரிக் கவிழ்த்துத் திருகும் கேப் ரிஞ்ச்.

எஞ்சினைச் சூடாக்கி ஆயிலை வடித்தேன். ஃபில்டர் அசையவில்லை. கேப் ரிஞ்ச் போட்டேன். வழுக்கியது. பெல்ட் ரிஞ்ச் போட்டேன். டப்பா நசுங்கியது, சுற்றவில்லை.

சந்தைக்கு வந்தவர்கள் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் வலது பக்கம் சுற்று என்றார். இன்னொருவர் போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, இது தலைகீழ் மரை என்று அடித்துச் சொன்னார். முன்னால் உட்கார்ந்து பார்த்தால் இடது பக்கம் சுற்றினால் கழல வேண்டும். பின்பக்கமிருந்து கையை விட்டுப் பிடித்தால் அதே இடது வலதாகிவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தரையில் படுத்துக்கொண்டு, காற்றில் விரலால் வட்டம் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருடம் செய்த வேலையில் எந்தப் பக்கம் கழலும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆறுச்சாமி தலைக்கு மேல் நின்றார்.

"ஏனுங்க பாய், ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் பிரிச்சு மாட்டறீங்க. ஒரு டப்பாவக் கழட்ட முடியலீங்களா?"

"முடியும். செத்த நேரம் சும்மா நில்லுங்க."

"நானென்னமோ சும்மாதான் நிக்கறனுங்க. டப்பாவும் சும்மாவேதான் நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது. ஷோரூமுக்குப் போன் போட்டு, போன சர்வீஸில் இதை எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் பேச்சை முடிக்கவே விடவில்லை. "நிங்ஙள் தொடண்டா, வண்டி இங்ஙோட்டு கொண்டுவா", நீ தொடாதே, வண்டியை இங்கே கொண்டுவா என்று வைத்துவிட்டார். ஆயில் இல்லாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது?

கடைசி வழியாக ஸ்க்ரூடிரைவரை டப்பாவில் குறுக்கே அடித்து இறக்கித் திருகினேன். தகரம் கிழிந்து கையில் வந்தது. அடித்தட்டு எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. இனி உளிதான். தட்டின் விளிம்பில் மட்டும் உளியை வைத்து, கழற்றுகிற திசையில் சின்னச் சின்னதாகத் தட்டினேன். ஒரு வழியாகச் சுற்ற ஆரம்பித்தது. கேஸ்கெட் அப்பளம் மாதிரி தட்டையாகியிருந்தது. ஸ்டட்டின் மரை சில இடங்களில் தேய்ந்திருந்தது.

புது ஃபில்டர் மாட்டி ஆயில் ஊற்றினேன். லேசாக ஆயில் கசிந்தது. உண்மையைச் சொன்னேன்: ஸ்டட்டை மாற்ற வேண்டும், அது ஷோரூமில்தான் கிடைக்கும், மூணாறு வேண்டாம். மறுநாள் ஆறுச்சாமி வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்.

அதற்கடுத்த நாள் அந்த வண்டி ஓனர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சூப்பர்வைசரின் குரல் வந்தது. ரோட்டோர மெக்கானிக் ஒருவர் உளி வைத்து அடித்து எஞ்சினைக் கெடுத்துவிட்டார், வாரண்டி கிடையாது, வேலந்தாவளத்தில் யாரும் வண்டி கொடுக்க வேண்டாம் என்று மலையாளத்தில் பேசியிருந்தார். பிறகு பெரிய வண்டி எதுவும் என் கடைக்கு வரவில்லை. ஆறுச்சாமி எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. உளி விளிம்பில்தான் பட்டது, நடுவில் இருக்கும் ஸ்டட்டைத் தொடவே இல்லை. ஆனால் கழன்று வரும்போது மரை தேய்ந்திருக்கலாமோ? நான்தானோ? அந்தத் தட்டை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

முறுக்கியோ?

விடை பொள்ளாச்சிக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. கார்த்தி என்று பெயர். அந்த ஷோரூமில் புதிதாகச் சேர்ந்து, மலையாளம் பிடிபடாமல் வேலையை விட்டவர். ஊருக்குப் போகிற வழியில் பஞ்சர் ஒட்ட என் கடையில் நின்றார். பேச்சோடு பேச்சாக ஆறுச்சாமியின் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஃபில்டரை மாட்டியது நான்தானுங்க என்றார்.

"கையிலதானுங்க டைட் பண்ணி வெச்சேன். சார் வந்து 'முறுக்கியோ?'ன்னாரு. நாம முறுக்கலியே, முறுக்கோணுமாட்ட இருக்குதுன்னு ரிஞ்சப் போட்டு முறுக்கீட்டனுங்க. பொறவு லூசாக்கிப் பாத்தேன், வரவே இல்லீங்க."

எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. மலையாளத்தில் முறுக்குவது என்றால் டைட் செய்வது. டைட் பண்ணிவிட்டாயா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். நமக்கு முறுக்குவது என்றால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்குவது. கார்த்தி துணியை முறுக்கினார்.

இதில் யாரைத் திட்டுவது? கேட்டவர் தன் பாஷையில் சரியாகத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டவர் தன் பாஷையில் சரியாகத்தான் புரிந்துகொண்டார். அத்தோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் ஒன்று கேட்டேன்.

"வரலைன்னு அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொன்னனுங்க. 'சாரமில்ல'ன்னுட்டு வண்டியக் குடுத்துட்டாருங்க."

சாரமில்ல என்றால் பரவாயில்லை. இதை ஆறுச்சாமியிடமும் சொல்லச் சொல்லி என் போனிலிருந்தே கூப்பிட்டுக் கொடுத்தேன். கார்த்தி சொன்னார். ஆறுச்சாமி கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். யாரை நம்புவதென்று அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு: எல்லைப் பக்கத்தில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் தாய்மொழி வேண்டாம். டைட், லூஸ், இரண்டே வார்த்தை போதும். என் கடையில் இப்போது அதுதான் சட்டம். பிடிவாதமான ஃபில்டர் வந்தால், கை வைக்கும் முன் போன முறை மாட்டியது யார் என்று கேளுங்கள், போட்டோ எடுங்கள், எஞ்சினில் சாக்பீஸால் கழலும் திசைக்கு அம்பு போடுங்கள்.

இனி சூப்பர்வைசருக்கு. நீங்கள் கேட்ட வார்த்தை குற்றமில்லை. கழற்ற வராது என்று தெரிந்தே வண்டியை வெளியே விட்டீர்கள். பிறகு என் ஊர்ப் பெயரைச் சொல்லி ஊருக்கே பேசினீர்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அதே குரூப்பில், ஆறுச்சாமியும் கேட்கிற மாதிரி, மலையாளத்திலேயே பதில் சொல்லுங்கள்: ஃபில்டர் வரவில்லை என்று கார்த்தி வந்து சொன்னாரா, இல்லையா?