பாதி விரிப்பு

மரியபுஷ்பத்தின் தறியில் ஒன்றரை முழத்துக்கு மேல் துணி அகலம் வராது. ஏற்காட்டு லாட்ஜ்காரர்களுக்கு வேண்டிய மேசை விரிப்பை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைக்க வேண்டும். ஒரு பாதி அவளுடையது. மறுபாதி பக்கத்து வீட்டு லூர்துசெல்வி தன் தறியில் நெய்வாள்.

மரியபுஷ்பத்துக்கு இரும்புக் கை. குறுக்கு நூலைச் சட்டத்தால் இழுத்து அடித்தாள் என்றால் துணி பலகை மாதிரி நிற்கும். லூர்துவுக்குப் பலமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. வாய்க்கு மட்டும் குறைவில்லை. முதல் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டபோது அவள் நெய்த பாதி நாலு விரல் சுருங்கி, நடுத் தையல் கோணிக்கொண்டது.

"அக்கா, உங்களாட்டம் அடிக்க எனக்கு வராதுங்க. நீங்கதான் கொஞ்சம் மெதுவா அடிக்கோணும்."

"அதுக்கென்ன கண்ணு, அடிச்சாப் போச்சு."

எழுபத்தாறாம் வருடம் கொடுத்த வாக்கு. ஒன்பது வருடம் கையை அடக்கியே நெய்தாள். இரண்டு பாதியும் சேர்ந்தே சுருங்கின. பார்த்தவர்கள் எல்லாம் ஒரே கை என்றார்கள், அதில் இவளுக்குப் பெருமை வேறு.

எண்பத்தைந்தில், இவர்கள் தறி பழகிய கான்வென்டிலேயே நெசவு டீச்சர் ஒருவரை எடுப்பதாகப் பேச்சு வந்தது. எஸ்டேட் வேலையில் கால் முறிந்து மரியபுஷ்பத்தின் கணவன் வீட்டோடு கிடந்த நேரம். அந்த வேலைதான் வேண்டும் என்று மரியபுஷ்பம் முதலில் சொன்னது லூர்துவிடம்.

"நீங்களே போங்கக்கா. சிஸ்டர்கிட்ட உங்களப் பத்தி நானே சொல்றனுங்க."

சொன்னாள். ஜூன் மாதம் டீச்சராகப் போனது லூர்து. இவளுக்கு அது பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. நேரே கான்வென்டுக்கு நடந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், எங்கிட்ட என்னங்க கொறை?"

இவர்கள் தறி பழகிய காலத்துக்குப் பிறகு மாற்றலாகி வந்த சிஸ்டர் தயங்கினார். "உங்க நெசவு தளர்வு மரியபுஷ்பம். லூர்து நல்லா அழுத்தி அடிக்கறவளாம். உங்க பாதியோட ஒத்துப்போகணும்னு இத்தனை வருஷமா அவதான் கையை அடக்கிக்கிட்டாளாமே."

மரியபுஷ்பத்துக்கு வேலை போனதுகூடப் பெரிதில்லை. தான் பட்ட பாட்டையே எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டாளே பாவி.

"ஒரு தறி குடுங்க சிஸ்டர். இப்பவே அடிச்சுக் காட்டறேன்."

உட்கார்ந்து குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டிச் சட்டத்தை இழுத்தாள். ஒன்பது வருடம் பழகிய கை, சட்டம் துணியைத் தொடும் முன்பே தானாகத் தளர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து முறை அடித்தும் பழைய அடி விழவில்லை. சிஸ்டர் குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்காளுக்கு வயசாயிப்போச்சுங்க சிஸ்டர். நொம்ப சிரமப்படுத்தாதீங்க," என்றாள் கதவருகே நின்ற லூர்து.

அதன் பிறகு மரியபுஷ்பம் மேசை விரிப்பே நெய்யவில்லை. தட்டுக்கு அடியில் போடும் சின்ன விரிப்புகள்தான் நெய்தாள். அவற்றுக்கு மறுபாதி தேவையில்லை. கை பழையபடி திரும்ப இரண்டு வருடம் பிடித்தது.