வெளித்தாழ்ப்பாள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், பட்டப்பகலில் நடந்தது. நடந்தது துளசிக்கு. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவளுக்குப் பயம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது.

துளசிக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை. அடி தடித்த சப்பாத்து போட்டு, லேசாகச் சாய்ந்து நடப்பாள். ரவாங்கில் தொழிற்சாலை ஆபீஸ் வேலை. நடிக்க வேண்டும் என்பது சிறு வயது ஆசை. மகேந்திரன் எடுக்கும் குறும்படத்தில் டீச்சர் வேடம் என்றதும், மூன்று நாள் லீவு போட்டு, வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

வந்த இடத்தில் அவள் கையில் கொடுத்தது வெள்ளைப் புடவை.

“டீச்சர் கேரக்டர தூக்கிட்டேன் லா. நீதான் பேய். உன் நடைக்கு மேக்கப்பே வேணாம்,” என்று மகேந்திரன் சிரித்தான்.

துளசிக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. பழைய பேய்ப்படங்களை எடுத்துப் பாருங்கள். கூனன் என்றால் கல்லறை தோண்டுவான். ஒற்றைக் கண்ணன் என்றால் கத்தி எடுப்பான். ஒரு காலை இழுத்து யாராவது நடந்து வந்தால் நாய் ஊளையிடும். உடம்பில் ஒரு குறையை வைத்துவிட்டால் போதும், கெட்டவன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை! அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பள்ளி பஸ்ஸில் அவள் நடையை நடித்துக் காட்டாத பையன் இல்லை.

“காலை இழுத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். நான் கிளம்புறேன்,” என்றாள்.

“ஒரு நிமிசம் இரு. குகன் சவுண்டு எடுக்கட்டும். அப்புறம் பேசலாம்.”

அது ரப்பர் எஸ்டேட் கைவிட்ட பழைய தொழிலாளர் லயத்து வீடு. இரவு போலத் தெரிய ஜன்னல்களில் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார்கள். பழைய தூசு போலத் தெரியத் தரையெல்லாம் பவுடர் தூவியிருந்தார்கள். ஆள் இல்லாத வீட்டின் அமைதியை மட்டும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது ஒலிப்பதிவாளர் குகனின் வழக்கம். அப்போது யாரும் அசையக் கூடாது. கதவும் காற்றில் ஆடக் கூடாது.

அதனால் வாசலில் நின்ற காளியண்ணனிடம் வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னார்கள். அதே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், காவலுக்கு வந்திருந்தார்.

“வெளியவா தம்பி? வேணாமே...”

“போடுங்க அங்கிள்.”

போட்டார்.

மணி 4.12. உள்ளே மூன்று பேர். ஒரே ஒரு விளக்கு. குகன் விரலை உயர்த்தினான்.

பத்து வினாடி. ஒன்றுமில்லை.

டக்... சர்ர்ர்...

பின்னறையிலிருந்து.

டக்... சர்ர்ர்...

மகேந்திரன் இருட்டில் சிரித்தான். துளசி இருந்த பக்கம் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அப்படித்தான், இன்னும் என்று சைகை காட்டினான்.

துளசி பலகை மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் தரையில் இல்லை. சத்தம் வராமலிருக்கக் கழற்றி மடியில் வைத்திருந்த சப்பாத்தைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் சிரிப்பு நின்றது.

டக்... சர்ர்ர்...

பக்கத்தில்.

அவர்களைத் தாண்டி...

கதவுக்கு.

தட்... தட்... தட்...

உள்ளேயிருந்து.

“தொறந்துட்டேன்! தொறந்துட்டேன்மா!” என்று வெளியே காளியண்ணன் அலறினார். கதவு படாரென்று திறந்தது. அவர் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

வெயில் உள்ளே விழுந்தது. பவுடரில் தடம். வெறுங்கால். இடது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. வலது பக்கம் ஒரு நீளமான கோடு. பின்னறையிலிருந்து கதவுவரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

துளசிக்கு முடியாதது இடது கால்.

காளியண்ணன் விக்கி விக்கிச் சொன்னார். “இது அன்னம்மா வீடு. ரப்பர் மரத்துல பால் வெட்டுறவங்க. வலது கால் சூம்பிப்போச்சு, தனி ஆளு. ஒரு தடவ திடல்ல வேட்டியத் திரையாக் கட்டிப் பேய்ப்படம் போட்டாங்க. அதுல பேய் நொண்டும். மறுநாள்லேருந்து பிள்ளைங்களுக்கு அன்னம்மாதான் பேய். கல்லால அடிப்போம்.”

“அப்புறம்?” என்றாள் துளசி.

“ஒரு சாயங்காலம் வெளிய தாழ்ப்பா விழுந்துடுச்சு. அவங்களுக்குக் காய்ச்சல், குரல் வரல போல. பெரியவங்க தாழ்ப்பாளப் பாத்துட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சாங்க. ஆள் இல்லாத வீட்டுல கால் இழுக்குற சத்தம். கதவத் தட்டுற சத்தம். பேய்னு பயந்து ஒருத்தரும் கிட்ட போவல. மூணு நாளு கேட்டுச்சு. நாலாவது நாளு நின்னுடுச்சு.”

மகேந்திரன் குகன் பக்கம் திரும்பினான். “ரெக்கார்ட் ஆச்சா? செம சவுண்டு லா!”

துளசி வெள்ளைப் புடவையை அவன் முகத்தில் விட்டெறிந்தாள்.

“பேய்ச் சத்தம் இல்லடா அது! உசுரோட ஒரு பொம்பள கதவத் தொறக்கச் சொன்ன சத்தம்!”

அவள் காளியண்ணன் பக்கம் திரும்பினாள்.

“தாழ்ப்பா தானா விழாது அங்கிள். யாரு போட்டது?”

அவர் தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அப்ப பன்னெண்டு வயசும்மா,” என்றார்.