ஜெசிந்தா அக்காவோடு ஸ்டுட்கார்ட் நீதிமன்றத்துக்கு

போன ஐப்பசியில் நான் ஸ்டுட்கார்ட் போனது ஊர் பார்க்க அல்ல. ஹனோவரில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தா அக்காவை அங்கே நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைத்திருந்தார்கள். கடைசிப் போர்க்காலத்தில் வன்னியில் இயக்கத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்ததாக ஒருவர் மீது வழக்கு. பிடிபட்டவர்களில் அக்காவின் மகள் அனிதாவும் ஒருத்தி. பதினாறு வயது. திரும்பி வரவில்லை.

காலை 7.26க்கு ரயில், பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முன்கூட்டியே எடுத்ததால் டிக்கெட் ஒருவருக்கு 39 யூரோ 90. ராணுவம் போட்ட குண்டுகளைப் பற்றி நாங்கள் தெருத்தெருவாகக் கத்துகிறோம், கத்தவும் வேண்டும். இயக்கம் செய்ததை மட்டும் வீட்டுக்குள்கூடக் குசுகுசுக்கிறோம். எனக்கு இதை நினைத்தால் பத்திக்கொண்டு வரும். அக்காவோ செபமாலையை உருட்டியபடி, "தம்பி, எனக்கு ஏலாது. திரும்பிப் போவம்" என்று ஃபுல்டா தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில், என் நண்பன் அனுப்பியிருந்த அவனுடைய தமையன் ரூபன் அண்ணை காரோடு நின்றார், இயக்கத்தை விட்டுக்கொடுக்காத ஆள்.

"என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"ஒரு டெர்மின் அண்ணை" என்று, முன்பே நேரம் குறித்த எந்தச் சந்திப்புக்கும் பொருந்தும் ஜெர்மன் சொல்லால் மழுப்பினேன்.

நீதிமன்ற வாசலில் நிறுத்தச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. எங்களை இறக்கிவிட்டுப் போவார் என்று பார்த்தால், அவரும் உள்ளே வந்து பார்வையாளர் வரிசையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

சாட்சி நாற்காலியில் இருந்த அக்கா ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து செபமாலையை உருட்டத் தொடங்கினார். ஐயோ, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மகளை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று நீதிபதி இரண்டாம் முறை கேட்டார், மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத் தமிழில் சொன்னார். அக்கா நிமிர்ந்து பேசத் தொடங்கினார்.

"கலியாணம் கட்டின பிள்ளையளைப் பிடிக்கமாட்டினம் எண்டு சனம் கதைச்சது. அதுதான் பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு அவளுக்குத் தாலி கட்டுவிச்சன். வந்தவை தாலியைக் கழட்டி என்ர கையில தந்திட்டு, அவளை இழுத்துக்கொண்டு போச்சினம்."

வந்தவர்களில் யாராவது இந்த அறையில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அக்கா எதிரே குற்றம் சாட்டப்பட்டு இருந்தவரை விரலால் நேராகக் காட்டினார்.

வாசலில் ரூபன் அண்ணை காத்து நின்றார். "எங்கட ஆக்களை வெள்ளைக்காரனிட்டைக் காட்டிக் குடுத்திட்டியளே அக்கா."

"என்ர பிள்ளையைக் கொண்டு போனதும் எங்கட ஆக்கள்தான் தம்பி."

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படியொரு பயணம் போக இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், கைபேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். டிக்கெட்டை எறியாதீர்கள், சாட்சியின் பயணச் செலவை நீதிமன்றம் திருப்பித் தரும். தெரிந்தவர் காரை நம்பாதீர்கள், ட்ராம் இருக்கிறது. முக்கியமாக, சாட்சியைத் தனியே அனுப்பாதீர்கள். திரும்பும் ரயிலில் அக்கா முதல் தடவையாக மகளைப் பற்றிக் கதைத்தார். அனிதாவுக்குக் கணக்கு வராதாம், நண்டுக்கறி என்றால் உயிராம். ஹனோவர் வரும்வரை அவர் நிறுத்தவேயில்லை.