தேர் நாளில் நின்ற ஓவன்

உதவிப் பேராசிரியர் கோமளவல்லி மாரடைப்பில் இறந்த செய்தி, எங்கள் கல்லூரி வேதியியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் காலைக் காப்பி நேரத்தில் வந்தது. டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வரிசையாகக் கும்பிடும் கைகள். அவரை ஆய்வகத்துக்குள் விடாமல் வகுப்போடு நிறுத்திய நான்கு ஆண்டுகளில் இதில் ஒரு கைகூட அவர் பக்கம் நீளவில்லை. துறைத்தலைவராக இருந்த என் கையும் நீளவில்லை. அவரை அறிந்த நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் செய்துவந்தது உலோக-கரிமச் சட்டகங்கள். உலோக உப்பையும் கரிம அமிலத்தையும் கரைப்பானில் கலந்து, மூடிய குப்பியில் வைத்து ஓவனில் சூடாக்கினால், உள்ளே துளைகள் நிறைந்த படிகம் உருவாகும். சூடு, நேரம், ஆறும் வேகம், இவற்றில் ஒன்று மாறினாலும் அதே சரக்கு வேறு கட்டமைப்பாகிவிடும். துளையே இல்லாமலும் போகும். "இன்னா போட்டோம்னு எழுதினா பத்தாது சார், எப்படி வெச்சோம்னும் எழுதணும்" என்பார். பட்டுக்குச் சாயம் போட்ட கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பிடிக்கும் துளைதான் அவருக்கு வேண்டும். சின்ன வயதில் சிவப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாராம்.

பல மாதம் அது வரவில்லை. வைகாசித் தேரன்று வந்தது. தேர் போகும்போது மின்சாரத்தை நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். ஓவன் பாதியில் நின்று, தானாக ஆறி, மின்சாரம் வந்ததும் மறுபடி சூடேறியது. கெட்டுப்போயிருக்கும், கொட்டிவிடுங்கள் என்றேன். கோமளா கொட்டவில்லை. அந்தப் பொடியைச் சாயநீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளுத்துத் தெளிந்த தண்ணீர் நின்றது. குடுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினார்.

கட்டுரையை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவர் எழுதிக் கொடுத்த பிரதியில் தேர் பற்றி ஒரு வரி இருந்தது.

"தேரு, கரண்ட் கட்டுன்னெல்லாம் எழுதினா வெளியூர்ல சிரிப்பாங்கம்மா" என்றேன்.

"சிரிக்கட்டும் சார். நடந்தது அதானே?"

சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இடைவிடாமல் சூடாக்கப்பட்டது" என்று எழுதினேன். பெரிய அறிவாளி நான்.

வேறோர் ஆய்வகம் இடைவிடாமல் சூடாக்கிப் பார்த்தது. துளை வரவில்லை. பொய்க் கணக்கு எழுதிய பெண் என்ற பேச்சு கிளம்பி, கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். அவருடைய நோட்டைக் காட்டினார். நோட்டில் பிறகுகூட எழுதிக்கொள்ளலாமே என்றார் ஒருவர். சோதனைகள் எல்லாம் அவருடையவை என்று மட்டும் நான் சொன்னேன்.

வெளியே வராந்தாவில் என்னை நிறுத்தினார். "நீங்க அடிச்ச அந்தப் பேப்பரு உங்ககிட்டதானே சார் இருக்குது? அதுல உங்க கையெழுத்து இருக்குது, தேதி இருக்குது. அத காட்டினா போதும்."

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன்.

விசாரணை முடிந்து கல்லூரி அவரிடம் ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கேட்பதற்கு முந்தைய வாரம், தேரில்லாத ஒரு நாளில், ஓவனைத் தானே பாதியில் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டிருக்கிறார். படிகத்தின் கட்டமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் வரைபடத்தோடு என் அறைக்கு வந்தார். "வந்துடுச்சி சார். ஆறினதுதான் காரணம். பேப்பரு கெடச்சிதா?"

"முடிஞ்சுபோன விஷயம், விட்டுடுங்கம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. எதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொல்வார். அந்த வணக்கத்துக்குப் பதில் என்னைக் காறித் துப்பியிருக்கலாம்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள். அதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. என் மேசையின் மேல் இழுப்பறையில்தான் இருந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தேரோட்டத்துக்காக மின்சாரம் நின்றதால் ஓவன் மூன்று மணி நேரம் தானாக ஆறி, மறுபடி சூடேறியது, இதனாலும் இந்தக் கட்டமைப்பு வந்திருக்கலாம்." அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதை அடித்தவன் நான்.