தபால்காரியும் எங்கள் வாடகைக் காரும்

1986ஆம் ஆண்டு யூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை அது. டென்மார்க்கின் சாம்ஸோ என்னும் சிறு தீவில், நானும் என் மனைவியும் எங்கள் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். எடுத்து அரை மணி நேரம் ஆவதற்குள், அந்நாட்டின் தபால் சேவையை வாய்க்காலுக்குள் விழுத்திவிட்டோம். "விழுத்திவிட்டோம்" என்று பன்மையில் சொல்வது என் மனைவிக்குச் செய்யும் அநியாயம். விழுத்தியவன் நான்.

அப்போது நாங்கள் யூலாந்து என்னும் டேனிஷ் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், பிராண்டே என்ற சிற்றூரில் குடியிருந்தோம். அந்த நாட்டுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பிறந்தது முதல் முட்டையைக்கூடத் தொடாதவன், கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிவரும் கோழிகளின் முன்னால் நாள் முழுவதும் நின்றேன். வீட்டுக்கு வந்து குளித்த பின்னும் அந்த வாடை மூக்கை விட்டுப் போவதில்லை.

அந்த நிலையில்தான் கொமூன், அதாவது உள்ளூராட்சி மன்றம், எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னது. வெளியே நடமாட இயலாத முதியவர்களின் வீடுகளுக்கு மதிய உணவை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த உணவிலும் இறைச்சி இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அது மூடியிட்ட பெட்டிக்குள் இருக்கும். நிபந்தனை ஒன்றுதான்: சாரதி அனுமதிப்பத்திரத்தில் எவ்விதக் குற்றப்பதிவும் இருக்கக் கூடாது. பயிற்சியாளர் ஒருவரிடம் ஓடிப் பழகி நான் பெற்ற அந்தப் பத்திரம் என் கைக்கு வந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. வேலை தொடங்கும் நாளோ அடுத்து வரும் திங்கட்கிழமை.

தொழிற்சாலையை விட்டுப் போகிறேன் என்று அறிந்த டேனிஷ் தோழர் ஒருவர், தீவிலிருந்த தம் கோடைக்கால வீட்டின் திறப்பை, அதாவது சாவியை, இரண்டு நாளுக்குத் தந்தார். கப்பலில் போய் இறங்கினோம். துறைமுகத்துக்கு அருகிலிருந்த பெற்றோல் நிலையத்தில் சிறிய வெள்ளைக் கார் ஒன்றைத் தந்தார்கள். ஊரில் எட்டு ஆண்டுகள் கார் ஓடியவன் என்ற துணிவில் நான் சுக்கானைப் பிடித்தேன். அந்த எட்டு ஆண்டுகளும் தெருவின் இடப்பக்கமாக ஓடியவை என்பதை நிலையத்தின் வாசலைத் தாண்டிய கணத்திலேயே என் மனைவி நினைவூட்டினாள்.

"காப்புக் கட்டின கைப் பக்கம்! காப்புக் கைப் பக்கம்!"

கௌரி விரதத்துக்குக் கட்டும் காப்பு நூல் ஆண்களுக்கு வலக்கையிலும் பெண்களுக்கு இடக்கையிலும் இருக்கும். எங்கள் இருவர் கைகளிலும் அது இருந்தது.

"ஆரின்ரை காப்பு? உம்முடையதோ, என்ரையோ?"

"ஐயோ, உங்கடை காப்பப்பா! என்ரை காப்புப் பக்கம் போனால் ரண்டு பேரும் நேரே கைலாயந்தான்."

வலப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். தெரு ஒடுங்கியதாக, உருளைக்கிழங்கு வயல்களுக்கு ஊடாக வளைந்து வளைந்து போயிற்று. கிழங்குச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. கடற்காற்று பலமாக வீசியது. பக்கத்தில் பயிற்சியாளர் இல்லை. என் காலுக்கு முன்னால் அவருடைய கால் பிரேக்கை மிதிக்கவில்லை. மனம் ஊரில் ஓடிய நாள்களுக்குத் திரும்பியது. அதனோடு கையும் திரும்பியது.

எங்கள் ஊரில் முன்னால் போகிறவரை ஹோர்ன் அடிக்காமல் கடந்து போவது, குரல் கொடுக்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது. சைக்கிளில் போகிறவரும் அந்த ஒலியை எதிர்பார்ப்பார். கேட்டதும் சற்றே ஒதுங்கி, ஒரு கையை அசைத்து வழிவிடுவார். பயிற்சியின்போது பயத்தில் என் கைகள் சுக்கானை விட்டு அசையாததால், இந்தப் பழக்கம் பயிற்சியாளரின் கண்ணில் படவே இல்லை. அன்றோ முதலாவது இரண்டு மைல் தூரத்துக்குள்ளேயே நான்கு பேருக்கு மரியாதை செய்துவிட்டேன். நால்வரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உதென்ன, எல்லாரும் முறைச்சுப் பாக்கினம்?" என்றாள் மனைவி.

"புதுக் காரெண்டு பாக்கினம். நீர் சும்மா இரும்."

அடுத்த வளைவில் அவளைக் கண்டோம். சிவப்பு மேலங்கியும் மஞ்சள் சைக்கிளும், முன்னாலும் பின்னாலும் புடைத்த பைகளுமாக ஒரு தபால்காரி எதிர்க்காற்றில் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். அரச ஊழியர் ஆயிற்றே என்று, ஒருமுறைக்கு இரண்டு முறையாக அழுத்தமாக அடித்தேன்.

அவள் துள்ளி எழுந்தாள். சைக்கிள் ஒரு பக்கம் சரிந்தது. முன்சில்லு கல்லொன்றில் மோதியது. அவள் பைகளோடு புல் மண்டிய வாய்க்காலுக்குள் போனாள். அடுத்த கணம் கடிதங்கள் வெள்ளைப் பறவைகள்போல வயலின் மேல் எழும்பின.

காரை நிறுத்தி ஓடினோம். நான் வாய்க்காலை அடையும் முன்பே அவள் எழுந்து நின்றாள். நாற்பது வயது இருக்கலாம். உடம்பில் காயம் எதுவும் இல்லை. காஞ்சோன்றிச் செடி பட்ட முழங்கை மட்டும் சிவந்து தடித்திருந்தது. ஆனால் அவளுடைய கோபத்தைக் காண நான் அஞ்சினேன்.

"பைத்தியமா உனக்கு?" என்று டேனிஷ் மொழியில் கத்தினாள். "தெரு முழுவதும் வெறுமையாகக் கிடக்கிறது! நான் இன்னும் எங்கே ஒதுங்க வேண்டும், கடலுக்குள்ளா?"

காவல்துறை, குற்றப்பதிவு, திங்கட்கிழமை, கொக்கியில் தொங்கும் கோழிகள் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. என் மனைவிதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பிறகு நிண்டு முழிக்கலாம், முதல்லை கடிதத்தைப் பிடியுங்கோ!" என்று சொல்லியபடி கிழங்கு வயலுக்குள் பாய்ந்தாள்.

மூவரும் ஓடினோம். காற்று ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு மற்றொன்றைத் தூக்கியது. மின்கட்டண அறிவித்தல்கள், விடுமுறைக்குப் போனவர்கள் அனுப்பிய படஅட்டைகள், கறுப்புக் கரையிட்ட ஒரு துயர்க்கடிதம் என யாவற்றையும் செடிகளுக்கிடையே பொறுக்கினோம். கடைசியாக ஒரு நீல உறை, பசுக்கள் மேயும் அடுத்த வயலின் ஓரத்தில் கிடந்தது. இடையே ஒரேயொரு மெல்லிய கம்பிதான். அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து உறையை எட்டி எடுத்தேன்.

டென்மார்க்கில் மாட்டுவேலிக் கம்பியில் மின்சாரம் ஓடும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் எழுப்பிய ஒலியில் பசுக்கள் எல்லாம் தலை தூக்கின. மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன்: கையில் நீல உறை பத்திரமாக இருந்தது, தபால்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது சரி," என்றாள். "நீ என்னைத் திடுக்கிட வைத்தாய், அந்த வேலி உன்னைத் திடுக்கிட வைத்தது."

கடிதங்களைக் காற்றுப் படாமல் காரின் பின்னிருக்கையில் பரப்பினோம். டேனிஷ் மொழியில் என்னைவிடத் தேர்ந்த என் மனைவி, தபால்காரி சொன்ன ஒழுங்கில் வீட்டுவாரியாக அடுக்கினாள். சைக்கிளின் முன்சில்லோ இனி உருளாது. மதியக் கப்பல் புறப்படுமுன் சுற்றை முடித்துவிட்டுத் தபாலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தபால்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் காரைப் பார்த்தாள்.

"உன் கணவனுக்குக் கார் ஓடத் தெரியுமா?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

"அதைத்தான் நானும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்," என்றாள் இவள்.

இவ்வாறாக, சைக்கிளை வாய்க்கால் ஓரத்தில் சாய்த்து வைத்து, நாங்கள் கோடைக்கால வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டுத் தீவின் தபாலைப் பங்கிடத் தொடங்கினோம். தபால்காரி என் பக்கத்தில், மனைவி பின்னிருக்கையில் கடிதக் கட்டுகளோடு. அவள் "வலம்" என்று டேனிஷில் சொல்ல, இவள் "காப்பு!" என்று தமிழில் சொல்ல, மரச்சட்டங்களில் செம்மை பூசிய வீடுகளையும், வாத்துகள் நீந்தும் ஊர்க்குளங்களையும் சுற்றி வந்தோம். ஒரு பண்ணையில் வீட்டுக்காரர் வயலின் மறுகோடியில் நின்றார். கையொப்பம் தேவைப்படும் கடிதம் அவருக்கு இருந்தது.

"அடி ஹோர்னை," என்றாள் தபால்காரி.

நான் தயங்கினேன்.

"அடியுங்கோவன்," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "கேளாமலே அஞ்சு பேருக்கு அடிச்சனீங்கள், இப்ப கேட்கினம், வெக்கப்படுறியளோ?"

இன்னொரு வீட்டில் ஒரு கிண்ணம் நிறைய ஸ்ரோபெரிப் பழம் தந்தார்கள். தபால் காரில் வந்ததைக் கண்டு வேறொருவர் தலையில் கை வைத்து, இனி நாள்தோறும் இப்படித்தானா என்று கேட்டார். என் மனைவியின் சேலையைத் தபால் சேவையின் புதிய சீருடை என்று தபால்காரி ஓரிடத்தில் சொல்லி வைத்தாள். உரிய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தபாலக வாசலில் வந்து நின்றோம். என் உள்ளம் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளுக்கு என்ன நேர்ந்தது என்று அங்கே சொல்லியாக வேண்டும் அல்லவா?

அவள் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நாள், இடம், சேதம் ஆகிய மூன்று கட்டங்களையும் நிரப்பினாள். நான்காவது கட்டம், காரணம். அங்கே பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இங்கே என்ன எழுதட்டும்?"

நான் எதைச் சொன்னாலும் எழுதுவாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. என் மனைவி மெல்லத் தமிழில் சொன்னாள்: "காத்து எண்டு சொல்லுங்கோவன். காத்தும் அடிச்சதுதானே."

அடித்ததுதான். அது பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்களே இருந்தன. "காற்று" என்பதற்குரிய டேனிஷ் சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவளுடைய முழங்கையின் தடிப்பு என் கண்ணில் பட்டது.

"ஹோர்ன்," என்றேன். "நான் அடித்த ஹோர்ன்."

"போச்சுது," என்றாள் மனைவி, தனக்குத்தானே.

உள்ளிருந்து தபால் அதிபர் வந்தார், பருத்த, வெண்தாடிக்காரர். படிவத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏன் அடித்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டேனிஷைத் திரட்டிச் சொன்னேன்: எங்கள் நாட்டில் முன்னால் போகிறவருக்கு அறிவிக்காமல் கடந்து போவது மரியாதை அன்று.

"அப்படியானால் இது மரியாதையா?"

"ஆம்."

"இரண்டு முறை அடித்தாயாமே?"

"சீருடையில் இருந்தார்கள். அதனால் இரண்டு."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கவில்லை, தபால்காரியும் சேர்ந்துகொண்டாள். பிறகு யார்மீதும் மோதவில்லை, எவருக்கும் காயமில்லை, காவல்துறைக்கு இதில் என்ன வேலை என்று சொல்லி, சில்லைத் தாங்களே திருத்திக்கொள்வதாகத் தலையசைத்தார். பேனையை வாங்கி, நான்காவது கட்டத்தில் "ஹோர்ன்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி இட்டு, "மரியாதையின் பொருட்டு" என்று எழுதினார். தலைமைத் தபாலகத்தில் இதை வாசிக்கும் மனிதரின் முகத்தைப் பார்க்கத் தமக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்றும் வருந்தினார்.

வெளியே வந்து காரில் ஏறினோம்.

"நல்ல காலம்," என்றாள் மனைவி. "தபால் அதிபரைத் தெருவிலை காணேல்லை. அவருக்கெண்டால் மூண்டு தரம் அடிச்சிருப்பியள்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உணவு வானின் திறப்பு என் கையில் இருந்தது. ஓய்வு பெறும்வரை அந்த வேலையிலேயே இருந்தேன். அன்று நான் "காற்று" என்று சொல்லியிருந்தாலும் அந்தத் திறப்பு என் கைக்கு வந்திருக்கும். ஆனால் எனக்காகக் காத்திருந்த அத்தனை கதவுகளின் முன்னாலும், உணவுப் பெட்டியை நீட்டி, திறந்தவர்களின் முகத்தை நேராகப் பார்த்திருப்பேனா என்பது எனக்கு இன்றும் ஐயமே.