மறுபடியும் எடுத்த ரத்தம்

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் இசக்கிப்பாண்டி தென்காசியில் எல்லோருக்கும் ஏட்டையாதான். பால்காரர் தாமதமாக வந்தால் காரணம் கேட்பார். அவர் சொன்ன காரணம் உண்மையா என்று எதிர்வீட்டிலும் விசாரிப்பார். வாசலில் தெரியாத செருப்பு கிடந்தால் சன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள்ளேயே நுழைவார். இதை ஒரு குறையாக அவர் எண்ணியதில்லை. சந்தேகப்படாத போலீஸ்காரன் வாங்கும் சம்பளம் திருட்டுப் பணம் என்பது அவர் கட்சி.

தலைவலி வந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

கோயில் கொடை விழாவுக்கு அவருடைய மச்சினன் பேச்சிராஜ் திருவேங்கடத்திலிருந்து வந்திருந்தான். அங்கே உள்ள கரிசல் காட்டில் மனைவி ஆவுடைத்தாய்க்குச் சேர வேண்டிய பங்கைக் கேட்டு ஏட்டையா அவனை நெருக்கிக்கொண்டிருந்த சமயம். வந்தவன் முகம் கோணாமல் பேசினான். ஒரு வாளி நெய்யும் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பிறகுதான் தலைவலி தொடங்கியது. ஏட்டையா அந்த நெய்யில் கொஞ்சம் எடுத்து ஒரு மருந்துப் புட்டியில் ஊற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு இன்னும் யோசித்தார். கொடுத்தவன் அவன். ஊற்றிப் பரிமாறுவது யார்?

மறுநாளிலிருந்து வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டில் சாப்பிடுவதை விட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் இட்லி தின்றார்.

ஆவுடைத்தாய் இதை வேறு விதமாகக் கணக்குப் பண்ணினாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புருஷன் தினமும் போகிறார். வீட்டில் வாய் நனைப்பதில்லை. ஆனால் மெலிகிறார். அடிக்கடி காய்ச்சல் வேறு. வேலையில் இருந்த காலத்திலும் சீசன் பந்தோபஸ்து என்று குற்றாலத்திலேயே தங்கிக்கிடந்தவர்தான். அங்கே எவளாவது இருக்கிறாளோ?

ஒரு நாள் லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு, வந்த ஒரு வேனைப் பார்த்து, "ஏலே, பின்னால நிக்க வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு" என்று ஏட்டையா கத்தினார். பின்னால் வண்டியே இல்லை. அவர் கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கத்தியபடியே விழுந்தார். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்தார்கள். அதில் ஒரு சொட்டைக் கறுப்பு மையில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, கறுப்புக்கு நடுவே உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெள்ளை வளையத்தோடு, பூஞ்சை தெரிந்தது. மூளையைச் சுற்றியுள்ள நீரில் பூஞ்சை இருக்கிறது என்று டாக்டர் நிவேதா சொன்னார். அடுத்து ஆவுடைத்தாயிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

அந்த வாக்கியம் ஏட்டையாவுக்குப் பழக்கமானது. புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனியே உட்கார வைத்துத்தான் அவரும் விசாரிப்பார்.

வேறு பெண்களோடு பழக்கம் உண்டா, ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா, யாருடைய ரத்தமாவது ஏற்றியிருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. மறுபடியும் எடுத்தார்கள். அதிலும் இல்லை. வேறொரு முறையில் பார்க்கவேண்டும் என்று இன்னொரு தடவையும் கையை நீட்டச் சொன்னார்கள்.

"இல்லன்னு வந்துட்டே. பொறவு எதுக்கும்மா?"

"கன்ஃபர்ம் பண்ணத்தான் சார். இந்தப் பூஞ்சை பெரும்பாலும் அந்த நோய் உள்ளவங்களுக்குத்தான் வரும்."

ஏட்டையா கையை நீட்டினார். ஒரே பதிலை மாறாமல் சொல்கிறவன் அதை மனப்பாடம் செய்திருக்கிறான் என்று எத்தனையோ பேரை அவர் விடாமல் நோண்டியிருக்கிறார்.

வெளியே வராந்தாவில் ஆவுடைத்தாயும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எந்த நோய்க்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது அவள் காதிலும் விழுந்திருந்தது. இல்லையென்றால் எதற்கு மறுபடி எடுக்கிறார்கள்? அது மட்டும் உண்மையாக இருந்தால் இவரோடு இனி ஒரு நாளும் இருப்பதில்லை, திருவேங்கடத்துக்குத் தம்பி வீட்டுக்கே போய்விடுவது என்று தீர்மானித்தாள். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போய்த் தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. மனசு ஆறவில்லை. துணி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு ஐந்தருவிக்கு பஸ் ஏறினாள்.

அங்கே பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் சுகந்தியின் பெயரை ஏட்டையா எப்போதாவது சொல்லியிருக்கிறார். அது போதும்.

"வாங்க மைனி. ஏட்டையாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அவியளுக்கும் ஒனக்கும் என்ன பழக்கம்?"

எண்ணெயில் கிடந்த பஜ்ஜியை மறந்து சுகந்தி அவளைப் பார்த்தாள். "பழக்கமா? வருசா வருசம் கடையத் தள்ளிப் போடு, தள்ளிப் போடுன்னு லத்தியால தட்டுவாவ. எண்ணெய மோந்து பாப்பாவ. டீத்தூள்ல புளியங்கொட்டத் தோலு கலந்திருக்கியாம்பாவ. கேட்டுக்கிட்டே ஓசியில ரெண்டு டீ குடிப்பாவ. அந்த மனுசங்கூட பழகதுக்கு, அந்தா மரத்துல இருக்கு பாருங்க கொரங்கு, அதுகூட நான் குடும்பம் நடத்திட்டுப் போயிருவேன்."

ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. திரும்பும் பஸ்ஸில் அது போய்விட்டது. இவ்வளவு சரளமாகப் பதில் சொல்கிறவள் பதிலை முன்பே யோசித்து வைத்திருப்பாளோ?

மூன்றாவது சோதனையிலும் எதுவும் இல்லாமல் போகவே, டாக்டர் நிவேதா ரத்தத்தை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். முடிவு வந்ததும் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்.

"நம்ம நுரையீரல்ல காவலுக்குன்னே செல்கள் இருக்கு. மூச்சோட உள்ள போற பூஞ்சையத் தின்னு தீர்க்கறது அதுங்க வேலை. அதுங்களை வேலைக்குத் தயார் பண்ண உடம்பு ஒரு புரதத்தைத் தகவல் மாதிரி அனுப்பும். சாரோட உடம்பு அந்தப் புரதத்தையே எதிரின்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கு. தகவல் போகாததால காவல் நடக்கலை."

"அப்ப என் உடம்பே என் ஆளப் பிடிச்சு உள்ள போட்டுருக்கு."

"அப்படித்தான் சார்."

ஆவுடைத்தாய் கேட்டாள். "இது ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்கு வருமாம்மா?"

"வராதும்மா. பூஞ்சை மண்ணுல, மரத்துல, பறவை எச்சத்துல இருக்கு. நீங்களும் நானும்கூட மூச்சுல இழுத்துக்கிட்டுத்தான் இருப்போம். நமக்கு ஒண்ணும் ஆகாது. சார்மேல ஒரு தப்பும் இல்லை. நாங்கதான் மறுபடி மறுபடி சந்தேகப்பட்டுட்டோம்."

ஆவுடைத்தாய் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டையா அதோடு விட்டிருக்கலாம்.

"இன்னொண்ணு டாக்டர். சாப்பாட்டுல எதையாவது கலந்து குடுத்தா இது வருமா? நெய்யில கிய்யில?"

"வாய்ப்பே இல்லை சார். அந்த ஆன்டிபாடி உங்க உடம்பே செஞ்சது."

ஏட்டையா நிம்மதியாகச் சாய்ந்தார். கையில் இருந்த பிடி விலகியிருந்தது.

"யாரு கலந்து குடுப்பா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"பொதுவாக் கேட்டேன்."

"நெய்யின்னு பொதுவாக் கேட்டியளோ? அதான் ஓட்டல்ல போயித் தின்னியளோ?"

டாக்டர் அடுத்த படுக்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

"நானும் உங்களச் சந்தேகப்பட்டேன். மறைக்கல. அந்தப் பஜ்ஜிக்காரிகிட்டப் போயிக் கேட்டேன். என் ரத்தத்தையும் குடுத்துப் பாத்தேன். அது பொண்டாட்டி படுத சந்தேகம். நான் உங்களக் கொல்லுவேன்னு நெனச்சுக்கிட்டு எங்கூட ஒரே வீட்டுல படுத்துக் கெடந்திருக்கிய."

"தலவலியில புத்தி பெரண்டுட்டு ஏட்டி."

"பூஞ்ச மேல பழியப் போடாதீய. அது வாரதுக்கு முந்தியே நீங்க இப்படித்தான்."

அதன் பிறகு அவள் தேவைக்கு மேல் பேசவில்லை. மருந்து ஏறும்போது குளிரில் உடம்பு தூக்கிப் போடும், கம்பளியைப் போர்த்திவிடுவாள். தலையில் அழுத்தம் குறைய முதுகில் நீர் எடுக்கும்போது தோளைப் பிடித்துக்கொள்வாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கண் விழிக்கும்போதெல்லாம் ஏட்டையா கட்டிலுக்கு அடியில் அவளுடைய பை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு அனுப்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், அவள் எந்த பஸ் பக்கம் போகிறாள் என்று கவனித்தார். தென்காசி பஸ்ஸில் ஏறினாள். அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "மாத்திர ஒரு வருசத்துக்குமேல திங்கணும்னு சொல்லியிருக்காவ. அத நேரத்துக்குத் தருவேன். ஆஸ்பத்திரிக்கும் கூட வருவேன். சோறு மட்டும் பொங்க மாட்டேன். கொலகாரி கைச்சோறு ஒங்களுக்கு வேண்டாம்."

"எத்தன நாளைக்கு?"

"மாத்திர நிக்கது வரைக்கும். பொறவு யோசிப்போம்."

ஏட்டையா அடுக்களைக்குள் நுழைந்தார். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். சோறு குழைந்துவிட்டது. ரசம் என்று ஒன்றை வைத்தார். இரண்டு தட்டு எடுத்து, ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

ஆவுடைத்தாய் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். உப்பு இல்லை. சொல்லாமல் விழுங்கினார். அது இறங்கும் வரை அவள் காத்திருந்தாள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.